பீரோவுக்குள் பூக்கும் பூசணம்

கார்த்திகை மாதத்தின் நடுவில், திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்படும் நாட்களில், நம் இல்லத்தரசிகள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான துணிமணிகளை எடுத்துப் பார்க்கப் பீரோவைத் திறக்கிறார்கள். திறந்த மாத்திரத்தில் மக்கிய வாடை ஒன்று முகத்தில் மோதுகிறது. கூறைப் புடவையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகள். தோல் இடைவாரில் பச்சைப் பூச்சு. பாட்டி வைத்துச் சென்ற ஜெபப் புத்தகத்தின் அட்டையில் பஞ்சு போன்ற வெண்மயிர். கொருக்குப்பேட்டையிலும் அதனை அடுத்த தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் மழைக்காலத்தில் இது வீட்டுக்கு வீடு காணும் காட்சி.

இதனை வீட்டுப் பெண்களின் கவனக் குறைவு என்று பேசுவோர் உண்டு. மருமகளின் சோம்பலால் துணி மக்கியது என்னும் மாமியாரின் முணுமுணுப்பையும் நாம் கேட்கத்தான் செய்கிறோம். இது நியாயமன்று. பூசணத்துக்கும் சோம்பலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. துணி மக்குவதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அந்தப் பீரோவுக்கு இரண்டடி தள்ளிப் பாயில் உறங்கும் குழந்தையின் மூச்சே அது. பூசணத்தின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் கலந்து மூக்கினுள் செல்லும்போது தும்மலும் இருமலும் தோன்றுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வருகிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்குச் சுவாச நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில் கூறியுள்ளது.

திருநூலில் ஒரு வீட்டுப் பரிசோதனை

வீட்டுச் சுவரில் பூக்கும் பூசணம் இன்று நேற்று வந்த தொல்லையன்று. லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பலரும் வேகமாகத் தாண்டிச் செல்லும் பகுதி அது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும். குரு வருமுன் வீட்டிலுள்ள பொருட்களையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும். குரு பார்வையிட்டு, வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, உட்சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்துப் பூசச் செய்வார். அதன் பின்னும் கறை திரும்ப வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டியதுதான். முந்திய அதிகாரத்தில் ஆடைகளுக்கும் தோல் பொருட்களுக்கும் இதுபோன்ற விதி உண்டு.

அங்கே குறிக்கப்படும் கறை இன்று நாம் காணும் பூசணம்தானா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். பலர் அவ்வாறே கருதுகின்றனர். நம்மைக் கவர்வது அந்த முறையின் ஒழுங்கு. முதலில் பொருட்களை அகற்றுவது, பிறகு காத்திருந்து கவனிப்பது, பரவுகிறதா என்று பார்ப்பது, மேற்பூச்சை மட்டும் மறைக்காமல் கல்லையே மாற்றுவது என்று அது படிப்படியாகச் செல்கிறது. இன்றைய பொறியாளர் ஒருவர் வந்தாலும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் வேலையைத் தொடங்குவார். ஆனால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, நான்கு அந்துருண்டைகளை உள்ளே போட்டு, கதவைச் சாத்திவிடுகிறோம்.

நம் பகுதிக்கு வாய்த்த ஈரம்

கொருக்குப்பேட்டை தாழ்ந்த பூமி. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் அருகில் ஓடுகின்றன. கடலும் தொலைவில் இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவ மழை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வட சென்னையின் பல தெருக்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. தெருவில் நீர் வடிந்துவிட்டாலும், சுவர் குடித்த நீர் அதனோடு வடிவதில்லை. முழங்கால் அளவு நனைந்த செங்கற்சுவர் உலர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தச் சுவரோடு ஒட்டி நிற்பது பீரோ.

வீடுகளின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. வரிசை வீடுகளில் பக்கச்சுவர் அண்டை வீட்டுக்கும் பொது. சன்னல் முன்புறம் மட்டுமே. படுக்கையறை என்று தனியாக ஒன்றிருந்தால் அதற்கு வெளிச்சமும் காற்றும் அரிது. சமைப்பதும் உறங்குவதும் துணி உலர்த்துவதும் ஒரே அறையில் நடக்கும் குடும்பங்கள் எத்தனையோ!

நாமே உண்டாக்கும் ஈரத்தின் அளவை அறிந்தால் வியப்பு ஏற்படும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஒன்றரை லிட்டருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. 14.2 கிலோ உருளை ஒன்று தீர்வதற்குள் ஏறத்தாழ 22 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடம் நிறைந்து வழியும் அளவு தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. இது அடுப்பின் சுடரிலிருந்து மட்டும் வருவது. உலை கொதிக்கும் ஆவி வேறு. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தை வெளிவிடுகிறார். ஐந்து பேர் கதவைச் சாத்திப் படுத்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஈரம் ஏன் பீரோவின் பின்புறத்தைத் தேடிச் செல்கிறது? வெப்பமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று (மழைக்காலத்தில் நம் அறையில் இருப்பது இதுவே) 26 டிகிரி குளிர்ச்சியான சுவரைத் தொட்டால் அவ்விடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ நூறு விழுக்காடாகிவிடுகிறது. நான்கு டிகிரி வேற்றுமை போதும். மழையில் நனைந்த வெளிச்சுவர், குளியலறைச் சுவர், இரும்பு பீரோவின் முதுகு ஆகியவை அறையைவிடக் குளிர்ந்தவை. காற்றோட்டமும் அங்கே இல்லை. ஓரிடத்தின் ஈரப்பதம் 75, 80 விழுக்காட்டுக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தாலே பூசணம் முளைத்துவிடும். வித்துக்கள் எங்கும் எப்போதும் காற்றில் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க எவராலும் இயலாது. உணவுக்கும் அதற்குக் குறைவில்லை. மரம், காகிதம், தோல், பசை, துணியில் படிந்த வியர்வை எல்லாம் அதற்கு ஆகாரம். குறிப்பாகக் கஞ்சி போட்ட துணி! விறைப்பாக மடித்து அடுக்கிய வேட்டியும் பருத்திப் புடவையும் பூசணத்துக்குப் படைத்த விருந்து. மழைக்கு முன் நெடுநாள் வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். எடுத்து உடுத்தும்போது போட்டுக்கொள்ளலாம். கோவிலில் பீடத் துணிகளைப் பராமரிக்கும் அருட்சகோதரிகளுக்கும் இது பயன்படும்.

இவ்விடத்தில் இரண்டு குழப்பங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். சுவரில் வெள்ளையாகப் பொரிவதெல்லாம் பூசணமன்று. உவர் நீரிலும் உவர் மணலிலும் கட்டிய சுவர் உப்பரிக்கும். விரலால் தொட்டால் நறநறவென்று உதிர்ந்து, தண்ணீர் பட்டதும் கரைவது உப்பு. வாடை வீசி, தேய்த்தால் இழுபட்டுக் கறையாவது பூசணம். உப்புக்கு மருந்தடித்துப் பயனில்லை. எனினும் உப்பரிக்கும் சுவர் ஈரச்சுவர் என்பதற்குச் சாட்சி. மற்றொன்று, 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ‘கரும்பூஞ்சை’ என்று நாட்டையே அச்சுறுத்திய நோய் பற்றியது. சுவரிலும் பீரோவிலும் காணும் கறுப்புப் புள்ளிகள் அந்நோயைத் தருவன என்று எண்ணிப் பலர் கலங்கினர். அது வேறு இனப் பூஞ்சையால் வருவது. கட்டுக்கடங்காத நீரிழிவு, மிகுதியான ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றால் உடலின் எதிர்ப்பு குன்றியவர்களையே அது பெரும்பாலும் தாக்கியது. பீரோவின் கறுப்புப் புள்ளி அதுவன்று. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ, சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னோ உள்ளவர்கள் எந்தப் பூசணத்தையும் துடைக்கும் வேலையில் இறங்கலாகாது.

துடைக்கும் முறை

மழையில்லாத ஒரு காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பீரோவிலுள்ள அனைத்தையும் வெளியே கொண்டுவர வேண்டும். அரைகுறையாகச் செய்வதில் பயனில்லை. குழந்தைகளும் இழுப்பு உள்ளவர்களும் அண்டை வீட்டில் இருக்கட்டும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்வது நல்லது. உலர்ந்த துடைப்பத்தாலோ தூரிகையாலோ தட்டுவது பெருந்தவறு. வித்துக்கள் அறை முழுவதும் பறந்துவிடும். சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடைத்து, அத்துணியை அவ்வப்போது மடித்துப் புதுப்பக்கம் கொள்ள வேண்டும். மரச்சட்டங்களை வினிகர் தொட்டுத் துடைக்கலாம். சிமெண்டுச் சுவராயின், கடையில் விற்கும் சலவை பிளீச்சிங் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி அளவில் கலந்து பூசி, சிறிது நேரம் கழித்துக் கழுவலாம். மரத்துக்கு அது ஏற்றதன்று. மேற்புறத்தை வெளுப்பிக்குமேயன்றி உள்ளே இறங்காது.

ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் என்னும் நச்சுவாயு அந்த நொடியே கிளம்பும். நவச்சார வாடை வீசும் அம்மோனியாத் திரவங்களோடும் அதனைச் சேர்க்கலாகாது. ஒன்றைப் பயன்படுத்திய நாளில் மற்றொன்றை அண்டவிடாதீர்கள்.

பருத்தித் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம். பட்டுக்கு அது ஆகாது. பட்டுப் புடவையை நிழலில், காற்றுள்ள இடத்தில் விரித்து நன்கு உலர்த்திய பின், வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு, கறை போகாவிடில் உலர்சலவைக்குக் கொடுப்பதே வழி. பட்டை பிளாஸ்டிக் உறையிலிட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியிராது. துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றினால் துணி மடிப்பில் இற்றுப்போகாது. இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்குவதும் கூடாது. அந்தச் சூட்டில் ஈரம் ஒளிந்திருக்கிறது.

துடைத்த பீரோவை இரண்டு நாளாவது திறந்துவைத்து உலரவிட்டு, சுவரிலிருந்து நான்கு விரற்கடை முன்னே இழுத்து, செங்கல் அல்லது மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பின்னே கை நுழையும் இடம் இருக்க வேண்டும். கூடுமானால் வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் தவிர்த்து உட்சுவரோரம் நிறுத்துங்கள். துணிகளை நெருக்கித் திணிக்காதீர்கள். சுவரிலேயே பதித்த அலமாரியை இழுத்துவைக்க இயலாது. அதன் கதவில் மேலும் கீழும் சிறு துளைகள் இட்டால் காற்று ஏறி இறங்கும். பின்சுவரைத் துணிகள் தொடாதபடி ஒரு மரச்சட்டம் அடிக்கலாம்.

எப்போது கதவைத் திறந்துவைப்பது? அடைமழை நாளில் திறந்தால் ஈரக் காற்றுக்கு விருந்தழைத்தது போலாகும். வானம் வெளுத்த நாட்களில் காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று வீசத் தொடங்குமுன், ஓரிரு மணி நேரம் திறப்பதே நலம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைப் பலரும் சபிக்கிறார்கள். பீரோவுக்கு அதைவிட நல்ல வைத்தியர் கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடை எடுக்கும்போது பீரோ முழுவதையும் ஒருமுறை காலிசெய்து காற்றாட வைத்துவிடலாம்.

ஈரம் உறிஞ்சும் பொருட்களைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். கால்சியம் குளோரைடு அடைத்த டப்பாக்கள் உண்மையிலேயே ஈரத்தைக் குடிக்கின்றன. அடியில் நீர் தேங்குவதைக் காணலாம். அந்நீர் துணியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண பீரோ ஒன்றினுள் அடங்கும் காற்றில் உள்ள நீர் இரண்டு மேசைக்கரண்டி கூட இராது. அதை டப்பா எளிதில் குடித்துவிடும். ஆனால் கதவிடுக்கு வழியாகவும் பின்சுவரிலிருந்தும் புது ஈரம் ஓயாது வந்துகொண்டிருந்தால் எத்தனை டப்பாக்கள் போதும்? ஆகவே இது கடைசி உதவியேயன்றி முதல் மருந்தன்று. அடுப்புக்கரி வாடையை ஓரளவு ஈர்க்கும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை உள்ளே வைக்கும் வழக்கம் ஆபத்தானது; நீர் பட்டால் கொதித்துக் கையையும் கண்ணையும் புண்ணாக்கும். மின்விளக்கை எரியவிட்டுப் பீரோவைச் சூடாக்குவதும் வேண்டாம். துணியருகே நெருப்பை வளர்ப்பானேன்?

அந்துருண்டையும் பச்சிளங் குழந்தையும்

இதனைத் தாய்மார்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். அந்துருண்டை எனப்படும் நாப்தலீன் உருண்டை, துணியரிக்கும் அந்துப்பூச்சிக்கு மருந்து. பூசணத்தை அது தடுப்பதில்லை. மக்கிய வாடையைத் தன் காரமான வாடையால் மறைப்பதனால் நாம் ஏமாந்துபோகிறோம்.

மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தன்று உடுத்திய வெண்ணாடையைப் பத்திரமாக எடுத்துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் உடுத்துவது நம் குடும்பங்களில் அழகிய வழக்கம். அந்த ஆடை ஆண்டுக்கணக்கில் அந்துருண்டைகளுக்கிடையே கிடந்திருந்தால், நாப்தலீன் ஆவி இழையிழையாக ஊறியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதி இரத்தத்தில் குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளில் இது மிகுதி. வெளித்தோற்றத்தில் எவ்விதக் குறையும் தெரியாது. அத்தகைய பச்சிளங் குழந்தை நாப்தலீன் ஊறிய துணியை அணிந்தாலும், அத்தகைய போர்வையில் கிடந்தாலும், அதன் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை தோன்றக்கூடும். காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும். மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் உண்மை இது. ஆகவே குழந்தையின் துணி, தொட்டில் சேலை, போர்வை எதனோடும் அந்துருண்டையை வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் அவ்வாடையைப் பிறந்த குழந்தைக்கு உடுத்தாமல் விடுவதே உத்தமம். உருண்டையை மிட்டாய் என்று எண்ணி விழுங்கும் பிள்ளைகளும் உண்டு. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

பூச்சிக்கு வேறு வழி வேண்டுமென்றால் நம் முன்னோர் கைக்கொண்டது இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையத்தில் ஓலைச்சுவடிகளிடையே வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாக வைத்துவந்தனர். கற்பூரத்தை விடுத்து மற்றவற்றைப் பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்துக்கொள்ளலாம். இதுவும் பூச்சிக்குத்தான், பூசணத்துக்கன்று.

சுவர் யாருடையது?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னவை பாதி மருந்தே. மேல்தளத்தில் ஒழுகும் குழாயையும், விரிசல் விட்ட வெளிப்பூச்சையும் குடியிருப்பவர் எவ்வாறு சரிசெய்வார்? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகைக் குடியிருப்பில் படர்ந்திருந்த பூசணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். மேலே வண்ணம் பூசிக்கொள்ளும்படி தந்தைக்குச் சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் அங்கே இயற்றப்பட்ட சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர்கள் உயிருக்கு ஆபத்தான குறைகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்கிறது அச்சட்டம்.

நம்மிடத்தில் அத்தகைய கடுமையான காலக்கெடு இல்லை. எனினும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம், கட்டமைப்புப் பழுதையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாய்வார்த்தையில் குடியேறியவர்களுக்கு இதைக் கேட்டுப் பெறுவது கடினம். எழுத்திலான ஒப்பந்தம் இதனாலேயே வேண்டும். ஓதமேறிய சுவரைத் தேதியுடன் படமெடுத்து, எழுத்தில் உரிமையாளருக்குத் தெரிவியுங்கள். சண்டையாக அல்ல, சுவர் கெட்டால் அவருக்கும் நட்டம்தானே.

வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்கையில், அரிசியும் மருந்தும் விசாரிப்பதோடு பீரோவின் பின்சுவரையும் ஒருமுறை பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிளாஸ்டிக் வண்ணம் பூசி மறைத்த சுவர் உள்ளே ஈரத்தை அடைத்துவைத்துச் சில மாதங்களில் கொப்பளிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு சுவரை மூச்சுவிடச் செய்யும், அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் பிடிக்காது, செலவும் குறைவு. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, தை பிறந்து சுவர் நன்கு காய்ந்த பின் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். விழாவுக்கு வீடு பளிச்சென்று தெரிய வேண்டுமென மார்கழி ஈரத்தில் அடித்தால், பொங்கலுக்குள் உரிந்துவிடும்.